எண்ணெயில் தெரிந்த செம்பு

என் மகனுக்கு நைனா எழுதுவது.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. லீவு கிடைத்துவிட்டது, கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னாலேயே வந்துவிடுவேன், சாந்திக்குப் புடவை அங்கேயே எடுத்துவிட்டேன் என்றெல்லாம் எழுதியிருந்தாய். சந்தோஷமாகப் படித்துக்கொண்டு வந்தேன். கடைசி இரண்டு பக்கத்தில் உன் வேலையைப் பற்றி எழுதியிருந்தாய். ரயில் எஞ்சினிலிருந்து எடுத்த எண்ணெயை ஒரு மெஷினில் வைத்துத் தீப்பொறியில் எரிக்கிறீர்கள், அந்த வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தால் அதில் இரும்பு எவ்வளவு, செம்பு எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று தெரிந்துவிடுகிறது, எஞ்சினைப் பிரிக்காமலே அதன் வயிற்றுக்குள் எது தேய்கிறது என்று சொல்லிவிடலாம் என்று எழுதிவிட்டு, ‘நீ அந்தக் காலத்தில் வேட்டித் துணியில் வடிகட்டிப் பார்த்ததைத்தான் நைனா நாங்கள் மெஷினில் பார்க்கிறோம், நான் உன் பிள்ளை என்று இங்கே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்’ என்று முடித்திருந்தாய். அந்த வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்று முழுக்க வேலை எதுவும் செய்யாமல் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். நீ பெருமைப்படுகிற அந்தத் துணியில் நான் ஒரு நாள் பார்த்ததும், பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டதும் உனக்குத் தெரியாது. உன் அம்மாவும் அது தெரியாமலே போய்ச் சேர்ந்தாள். சாந்தி கழுத்தில் நீ தாலி கட்டுவதற்கு முன்னால், அவள் அப்பனுக்கு நான் செய்தது என்ன என்று உனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்த பிறகு என்னோடு பேச வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால், அதற்கு நான் குறை சொல்ல மாட்டேன்.

உன் மாமன், சாந்தியின் அப்பன் கோதண்டத்தை இப்போது நீ பார்ப்பது, சாலவாக்கத்தில் அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போய்விட்டு, பொழுது சாய்ந்ததும் யாரோடும் பேசாமல் வாசலில் உட்கார்ந்திருக்கிற ஆளை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவன் வேறு ஆள். நம் காலனியில் முதல் முதலாக டிரைவர் லைசென்ஸ் எடுத்தவன் அவன். உத்திரமேரூர் நெல் மில்லில் லாரி ஓட்டினான். நான் அதே மில்லில் எஞ்சின் பார்த்துக்கொண்டு, லாரிகளுக்கும் ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். அவன் அப்பனும் என் அப்பனும் ஆயுசு முழுக்க ஊரார் நிலத்தில் குனிந்தே கிடந்தவர்கள். “மாமா, இந்த வேலைல இன்னா சொகம் தெரியுமா, ஒக்காந்துக்கினு நிமிந்து பாத்துக்கினே போலாம்” என்பான். அவன் அக்காளைக் கட்டியவன் என்பதால் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். லாரியைப் பழையசீவரம் பக்கம் ஓட்டிப்போனால் பாலாற்று மணலில் இறக்கி ஏற்றிவிட்டு வருவான், சக்கரம் சிக்கியதே கிடையாது. எஞ்சின் சத்தத்தை அவன் காலால் கேட்கிறான் என்று நான் உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவளுக்குத் தம்பி என்றால் உயிர். அதைக் கேட்டதும் அன்றைக்குக் குழம்பில் எனக்கு ஒரு துண்டு மீன் கூட விழும்.

மில் முதலாளிக்கு இளைய மகன் ஒருவர் உண்டு, உனக்கு நினைவிருக்கும், சின்னவர் என்போம். ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து பச்சை நிறத்தில் இரண்டு பேர் உட்காருகிற பந்தயக் கார் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். சென்னைக்கு வடக்கே, யுத்த காலத்தில் விமானம் இறங்குவதற்குப் போட்டுவிட்டுப் பிறகு சும்மா கிடந்த ஓடுதளத்தில் வருஷத்துக்கு ஒரு முறை கார்ப் பந்தயம் விடுவார்கள். சின்னவர் இரண்டு வருஷம் தானே ஓட்டினார். முதல் வருஷம் கடைசி. இரண்டாவது வருஷம் கடைசிக்கு முந்தின இடம், அதுவும் ஒரு கார் நடுவழியில் நின்றுவிட்ட புண்ணியத்தில். வளைவு வந்தால் மனிதர் பிரேக்கின்மேல் ஏறி நின்றுவிடுவார். இனி ஓட்டக் கூடாது என்று அவருடைய அம்மா சத்தியம் வாங்கிவிட்டார்கள். அது அவருக்கு உள்ளூர நிம்மதிதான் என்று நினைக்கிறேன். காரை விற்க மனசு வரவில்லை, ‘என் காரை என் டிரைவர் ஓட்டுவான்’ என்று கோதண்டத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். சூட் போட்ட பெரிய வீட்டுப் பிள்ளைகள் ஓட்டுகிற பந்தயத்தில் காலனி ஆள் ஒருவன் ஸ்டீயரிங் பிடிக்கப்போகிறான் என்று ஊரில் சில பேருக்கு வயிற்றெரிச்சல். நம் ஆட்களுக்கோ தலைகால் புரியவில்லை. பந்தயத்துக்குப் போவதற்காக மில் லாரியில் இடம் பிடிக்க இரண்டு வாரம் முன்னாலேயே சண்டை நடந்தது.

எண்ணெய் பார்க்கிற வித்தையை நான் யுத்தத்தின்போது பட்டாள லாரிப் பட்டறையில் வேலை செய்யும்போது கற்றுக்கொண்டேன். எஞ்சினுக்குள் இரண்டு உலோகம் உரசிக்கொண்டால், தேய்ந்து விழுகிற தூள் எண்ணெயில்தான் சேரும், வேறே போக வழியில்லை. அதனால் எஞ்சின் சூடாக இருக்கும்போதே அடித் திருகைக் கழற்றி, முதலில் வருகிற கசண்டை விட்டுவிட்டு நடுவில் ஓடுகிற எண்ணெயைக் கண்ணாடிப் புட்டியில் பிடிப்பேன். அதில் ஒரு சொட்டை மை ஒற்றுகிற தாளில் விட்டால் வட்டமாகப் பரவும். நடுவில் கருப்பு கெட்டியாக நின்றுவிட்டால் எண்ணெய் வெந்துவிட்டது என்று அர்த்தம், வெளிவட்டம் மெலிசாக ரொம்ப தூரம் ஓடினால் பெட்ரோல் கலந்திருக்கிறது. மீதி எண்ணெயைப் பெட்ரோலில் கரைத்து, துவைத்து வைத்த வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டி, வெயிலில் காயவைத்து, பூதக் கண்ணாடியில் பார்ப்பேன். காந்தத்தைத் துணிக்கு அடியில் இழுத்தால் இரும்புத் தூள் கூடவே நகரும். நகராமல் வெள்ளையாக மினுங்கி, நகத்தால் தேய்த்தால் மை மாதிரி இழுபடுவது பேரிங் பூச்சு. மில்லில் எல்லாரும் என்னை எண்ணெய் ஜோசியர் என்று கிண்டல் செய்வார்கள். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. தலைக்கனம் இருந்தது என்றே சொல்லிவிடுகிறேன்.

ரோட்டில் ஓடுகிற காருக்கும் பந்தயத்தில் ஓடுகிற காருக்கும் இருக்கிற வித்தியாசத்தை அந்தத் துணிதான் எனக்குக் காட்டியது. அதே காரை சாலவாக்கம் ரோட்டில் மாதக்கணக்கில் ஓட்டினாலும் துணி வெறுமனே அழுக்காக இருக்கும், மினுக்கு இருக்காது. ஓடுதளத்தில் ஒரு நாள் பயிற்சிக்கு விட்டு எடுத்தால் துணி வெயிலில் பளபளக்கும். முதலில் எனக்குக் காரணம் புரியவில்லை. அப்புறம் அங்கேயே வளைவில் நின்று பார்த்தபோது புரிந்தது. ரோட்டில் யாரும் அவ்வளவு நீண்ட வளைவை அவ்வளவு வேகமாகத் திரும்புவதில்லை. ஓடுதளத்தின் கோடியில் கார் ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். அப்போது எஞ்சினுக்கு அடியில் இருக்கிற தொட்டியில் எண்ணெய் முழுக்க ஓர் ஓரமாக ஒதுங்கிவிடும், பம்பு காற்றைத்தான் உறிஞ்சும். எஞ்சின் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிற அந்த நாலைந்து விநாடி பேரிங்குக்கு எண்ணெய் கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் இதே கதை. தொட்டிக்குள் எண்ணெய் ஒதுங்காமல் இருக்கத் தகடு வைத்துத் தடுப்பு போட வேண்டும், பேரிங்கை மாற்ற வேண்டும் என்று பந்தயத்துக்கு ஒரு மாதம் முன்னால் சின்னவரிடம் போய்ச் சொன்னேன். “நீ எப்பப் பாரு எதனா ஒண்ணு சொல்லிக்கினே இருக்கற. கார் ஓடுதா இல்லியா?” என்றார். ஓடுகிறது என்றேன். “அப்பறம் இன்னா பேஜாரு?” என்று கணக்குப்பிள்ளையிடம் பேசப் போய்விட்டார். தடுப்பை மட்டும் நானே கிடைத்த தகட்டில் செய்து போட்டேன். பேரிங் சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டியது, அதை நான் வாங்க முடியாது.

இந்த இடத்தில் நீ வருகிறாய். அந்த வருஷம் நீ எட்டாவது முடித்திருந்தாய். காஞ்சிபுரத்தில் ஹாஸ்டலோடு இருக்கிற பள்ளிக்கூடத்தில் சேர்க்க நான் இரண்டு முறை போய் வாசலோடு திரும்பி வந்துவிட்டேன். பெரிய மனிதர் ஒருவரின் கடிதம் இல்லாமல் நம் பிள்ளைக்கு அங்கே இடமில்லை என்று குமாஸ்தா முகத்துக்கு நேரே சொன்னார். சின்னவரிடம் கேட்டேன். மறுக்கவில்லை. கணக்குப்பிள்ளையை விட்டுக் கடிதத்தை எழுதச் சொன்னார், எழுதியும் வைத்தார்கள், என் கண்ணால் பார்த்தேன். “பந்தயம் முடியட்டும், கையெழுத்து போட்டுத் தரேன். ஜெயிச்சா நானே கார்ல இட்டுக்கினு போய் சேத்துட்டு வரேன்” என்றார். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னபோது அவள் அழுதாள். நீ அடுத்த நாளே உன் சட்டைகளைத் துவைத்து மடித்துத் தகரப் பெட்டியில் வைத்துவிட்டாய். உன்மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. பதிமூன்று வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும். எல்லாவற்றையும் சொல்வதென்றால் அந்தப் பெட்டியையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் சனிக்கிழமை காலையில் ஓடுதளத்தில் பயிற்சி விட்டார்கள். கோதண்டம் வந்து இறங்கியபோது சிரிப்பு காதுவரை இருந்தது. அவனைவிட வேகமாகச் சுற்றியவர்கள் இரண்டே பேர். நான் வழக்கம்போல எண்ணெய் எடுத்து, துணியில் வடிகட்டி, கூடாரத்துக்குப் பின்னால் வெயிலில் காயப்போட்டேன். மத்தியானம் எடுத்துப் பார்த்தேன். வெள்ளை மினுக்கு குறைந்திருந்தது. ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். அப்புறம் கண்ணாடியை வைத்தால், வெள்ளைக்குப் பதில் சிவப்பாக, செம்பு நிறத்தில், கேழ்வரகு உமி மாதிரி சின்னச் சின்ன சிலாம்புகள். வெள்ளைப் பூச்சு குறையவில்லை, தீர்ந்துபோயிருந்தது. பூச்சுக்கு அடியில் இருக்கிற வெண்கல ஓடு நேராக எஞ்சின் தண்டில் உரச ஆரம்பித்துவிட்டது. உனக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்த எஞ்சினுக்கு இன்னும் ஒரு பந்தயம் தாங்காது. அதை அங்கே அறிந்த ஒரே ஆள் நான்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த வாரம் எண்ணெய் ஊற்றுவதற்குப் புதிதாக ஒரு பித்தளைப் புனல் வாங்கியிருந்தேன். புனல் டப்பா வாயில் உரசியிருக்கும், அதன் தூள்தான் இது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பித்தளை மஞ்சளாக இருக்கும், இது சிவப்பு. இத்தனை வருஷம் இதே கையால் பித்தளையையும் வெண்கலத்தையும் அரத்தால் ராவியவன் நான், எனக்கு வித்தியாசம் தெரியாதா? புனலைக் கத்தியால் கொஞ்சம் சுரண்டி இந்தத் தூளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம், ஐந்து நிமிஷ வேலை. செய்யவில்லை. செய்தால் தெரிந்துவிடும் என்றுதான் செய்யவில்லை. மகனே, தெரியாமல் செய்த தப்புக்கு இத்தனை வருஷம் தூக்கம் கெடாது. தெரிந்துகொள்ளாமல் இருக்க நான் எடுத்துக்கொண்ட சிரமம்தான் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. சின்னவரிடம் சொல்லியிருந்தால் காரை எடுக்க முடியாது, பந்தயம் போச்சு, அவர் கோபத்தில் கடிதத்தைக் கிழித்திருப்பார். லாரி லாரியாக வரப்போகிற நம் ஆட்கள் ஏமாந்து திரும்புவார்கள். கோதண்டம் முகம் வாடிவிடும். இதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு அந்தத் துணியை மூடினேன். எல்லாம் சாக்கு. உள்ளே இருந்தது கடிதத்தில் விழ வேண்டிய அந்த ஒரு கையெழுத்துதான்.

ஞாயிற்றுக்கிழமை காரில் ஏறுவதற்கு முன்னால் கோதண்டம் என்னைத் தேடிக்கொண்டு வந்தான். அவனுக்கு அது வழக்கம். நான் பார்த்துச் சொல்லாமல் லாரியைக்கூட எடுக்க மாட்டான்.

“இன்னா மாமா, எண்ணெ இன்னா சொல்லுது?”

“நல்லா கீது. நீ மிதி.”

“முள்ளு செவப்புக் கோடு வரிக்கும் போலாமா?”

“போலாம். கோட்ட மட்டும் தாண்டாத.”

எஞ்சின் சுற்றுகிற வேகத்தைக் காட்டுகிற மீட்டரில் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் எஞ்சின் தாங்காது. தலையை ஆட்டிவிட்டுப் போனான். எட்டாவது சுற்றில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தான். நம் ஆட்கள் வேலிமேல் ஏறிக் கத்திக்கொண்டிருந்தார்கள். கோடி வளைவில் திரும்பும்போது எஞ்சினுக்குள் ஒரு சுத்தி அடிப்பது போலச் சத்தம் கேட்டது. பேரிங் இறுகிப் பிடித்துக்கொண்டு, பிஸ்டனைத் தாங்குகிற ராடு உடைந்து, எஞ்சின் பக்கச் சுவரைப் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கொதிக்கிற எண்ணெய் அவ்வளவும் பின் சக்கரத்துக்கு அடியில் கொட்டியது. கார் இரண்டு முறை சுற்றிக்கொண்டு போய் மணல் நிரப்பிய பீப்பாய்களில் மோதியது. ஓடிப்போய் அவனைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். இடது தொடை எலும்பு உடைந்திருந்தது. வலியில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மாமா, கோட்ட தாண்டிட்டனா? நான் தாண்டலியே மாமா. தாண்டிட்டனா?” என்றே கேட்டுக்கொண்டிருந்தான். நான் ஆம்புலன்ஸ் எங்கே என்று கத்தினேன்.

மூன்றாம் நாள் மில் களத்தில் விசாரணை மாதிரி ஒன்று நடந்தது. சின்னவர், கணக்குப்பிள்ளை, லாரிக்காரர்கள், நெல் அவிக்கிற பெண்கள் என்று எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். உடைந்த எஞ்சினை நடுவில் போட்டிருந்தார்கள். “எண்ணெ சரியா இருந்துதாடா?” என்று சின்னவர் என்னைக் கேட்டார். அதற்குள் நான் எஞ்சினைப் பிரித்துப் பார்த்திருந்தேன். வெண்கல ஓடு காகிதமாகத் தேய்ந்து, தண்டு நீலம் பாரித்திருந்தது. அந்தத் துணியை உமி எரிகிற அடுப்பில் போட்டுவிட்டுத்தான் களத்துக்கு வந்திருந்தேன். “நல்லாத்தான் இருந்துச்சு முதலாளி” என்றேன். “அப்பறம் இன்னா. அவன்தான் மிதிச்சிக் கொன்னுட்டான். இவனுங்க கைல ஸ்டீயரிங்க குடுத்தது எந்தப்பு” என்றார். இவனுங்க என்று சொன்னது கோதண்டத்தை மட்டும் இல்லை. அந்தக் களத்தில் நின்ற பாதிப் பேரை, என்னையும் சேர்த்து. நான் குனிந்துகொண்டு நின்றேன். அடுத்த வாரம் கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் காஞ்சிபுரம் போன பஸ்ஸில், ஏன் நைனா பேசாமல் வருகிறாய் என்று நீ கேட்டாய்.

ஆறு மாதத்தில் கோதண்டத்தின் கால் சரியாகிவிட்டது. நொண்டவில்லை, பார்த்திருப்பாய். ஆனால் மில்லில் வேலை போய்விட்டது. உத்திரமேரூரில் லாரி வைத்திருந்தவர்கள் யாரும் அவனுக்குச் சாவி கொடுக்கவில்லை, எஞ்சினை மிதித்தே கொன்றவன் என்று பெயர் ஊரெல்லாம் பரவிவிட்டது. அவனுக்கு மட்டுமல்ல, அடுத்து நம் காலனியில் லைசென்ஸ் எடுத்த இரண்டு பையன்களுக்கும் இதையே சொல்லி வேலை தர மறுத்தார்கள். பெண்டாட்டி ஊரான சாலவாக்கத்துக்குப் போய்க் கழனி வேலையில் இறங்கிவிட்டான். அப்போது சாந்திக்கு ஏழு வயசு. உன் அம்மா அவன்மேல் கோபமாகவே இருந்தாள். “அவ்ளோ பெரிய எடத்துல ஒக்கார வெச்சாங்க, புத்தியோட ஓட்டினானா, வெறி புடிச்சாப்ல மிதிச்சி எல்லாத்தையும் பாழாக்கிக்கினு வந்துட்டான்” என்று சோறு போடும்போதெல்லாம் சொல்வாள். நான் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன். எத்தனை வருஷம் அப்படிச் சாப்பிட்டேன் பார். தம்பியை மன்னிக்காமலே அவள் போய்ச் சேர்ந்தாள். மன்னிக்க அங்கே ஒன்றுமே இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாலு வருஷம் முன்னால் சாலவாக்கத்தில் ஒருவர் புது டிராக்டர் வாங்கி இவனைக் கூப்பிட்டபோது, “எனுக்கு வேணா” என்று சொல்லிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். ரோஷக்காரன் என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் நிம்மதிகூடப் பட்டேன். அவன் கெட்டது முழுக்க என்னால் இல்லை, பாதி அவன் பிடிவாதம் என்று எனக்கு ஒரு சாக்கு கிடைத்தது.

அப்பன் என்று உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தெரியவில்லை. இருந்தாலும் இரண்டு விஷயம் சொல்கிறேன், பட்டவன் சொல்கிறேன் என்று கேள். உன் மெஷின் காட்டுவதை அப்படியே எழுதி அடியில் உன் பெயரைப் போடு. மேலே இருப்பவர்களுக்குப் பிடிக்காத எண் வருகிற நாள் ஒன்று உனக்கும் வரும். அன்றைக்கு உன் கண் ஒரு பித்தளைப் புனலைத் தேடும். அந்த எஞ்சினுக்குள் உட்கார்ந்து ஓட்டப்போகிறவன் எண்ணெயைப் பார்க்கவில்லை, உன் எழுத்தைத்தான் பார்த்துவிட்டு ஏறுகிறான். இன்னொன்று, சாந்தியிடம் எதையும் மறைக்காதே. நானும் உன் அம்மாவும் சண்டை போட்டதே இல்லை என்று ஊரில் பெயர். சண்டை வராமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். அவளிடம் எதை வாய்தவறிச் சொல்லிவிடக் கூடாது என்று யோசித்து யோசித்தே நான் பேசினேன், அவளுக்கும் அது எங்கேயோ தெரிந்திருக்கும்.

உன் கடிதம் வந்து மூன்றாம் நாள் கோதண்டத்தைப் பார்க்கச் சாலவாக்கம் போனேன். ஒரு வியாபாரியின் வேன் பிரேக் வேலைக்கு வந்திருந்தது, சரிசெய்துவிட்டு அதை ஓட்டிப் பார்க்கிற சாக்கில் அதிலேயே போனேன். ஏரிக்கரை ஓரமாக வரப்பு வெட்டிக்கொண்டிருந்தான். கல்யாண விஷயமாக வந்திருக்கிறேன் என்று நினைத்து மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான். “வா மாமா, வூட்டுக்குப் போலாம், நாஷ்டா துன்னியா?” என்றான். இங்கேயே நிற்கலாம் என்று சொல்லி, துணி, செம்பு, புனல், கடிதம், உமி அடுப்பு எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு எழுதியதைவிடச் சுருக்கமாகத்தான் சொன்னேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காலில் ஒட்டியிருந்த மண்ணை வழித்துவிட்டு, “அப்ப நான் கோட்ட தாண்டல” என்றான்.

“தாண்டல. தாண்டியிருந்தாலும் இல்லன்னாலும் அது போயிருக்கும்.”

“நான் தாண்டிட்டன்னுதான் மாமா நெனச்சிக்கினு இருந்தேன். ஊரு சொல்லிச்சின்னு இல்ல. நீ எண்ணெ நல்லா கீதுன்ன. உன் வாயால தப்பா வராது. அப்பறம் வேற இன்னா இருக்கு, என் காலுதான். என் காலு எனுக்குத் தெரியாம மிதிச்சிருக்குன்னு நெனச்சேன். டிராக்டர் குடுத்தாங்க, பயந்துக்கினுதான் வேணான்னேன். இந்தக் கால நம்பி எப்பிடி ஏறது?”

அவன் வேலை போனது எனக்குத் தெரியும், பெயர் போனது தெரியும். இது எனக்குத் தெரியாது மகனே. ஊரை நம்பவைத்தேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். அவனையே நம்பவைத்திருக்கிறேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“கல்யாணம் நடக்கட்டும். புள்ளைக்கும் பொண்ணுக்கும் இதுல இன்னா இருக்கு. ஆனா எங்கிட்ட வந்து கரையோரமா நின்னு சொன்னா பத்தாது மாமா. அன்னிக்கி களத்துல அத்தினி பேரு எதிர்ல சொன்ன. பந்தலுக்கும் அவுங்கல்லாம் வருவாங்க, சின்னவரும் வருவாரு. தாலி கட்டறதுக்கு மின்னாடி அவுங்க எதிர்ல சொல்லு” என்றான். சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன். உன் கல்யாணத்தில், உன் ஆபீஸ்காரர்கள் முன்னால், உன் அப்பன் இப்படி ஒரு பேச்சுப் பேசப்போகிறான். உனக்கு அவமானமாகத்தான் இருக்கும். தடுக்காதே என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவனுடைய அவமானத்தோடு பார்த்தால் இது ஒரு மத்தியானம்தான்.

பிறகு அவன் வேனைச் சுற்றி வந்தான். கதவைத் தொட்டான், கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தான். “இதோட எண்ணெ எப்பிடி கீது?” என்றான். பிரேக் வேலைக்கு வந்த வண்டி, எண்ணெயை நான் பார்க்கவில்லை என்று உண்மையைச் சொன்னேன். “பாத்துச் சொல்லு” என்று மைல் கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டான். முன் மூடியைத் தூக்கி, அளவுக் கம்பியை உருவி, என் துண்டில் துடைத்து வெயிலில் விரித்துப் பார்த்தேன். “கருத்துகீது, மாத்தணும். மினுக்கு இல்ல” என்றேன். அவன் எழுந்து வந்து துண்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். கட்டைவிரலால் கறையைத் தேய்த்து, அப்படியும் இப்படியும் வெயிலுக்குக் காட்டி, நான் பார்த்ததைவிட இரண்டு மடங்கு நேரம் தானே பார்த்தான். என் வார்த்தையைக் கேட்டுவிட்டு ஏறுகிற கோதண்டம் இனிமேல் இல்லை, அது சரிதான். பார்த்து முடித்துவிட்டுச் சாவிக்குக் கையை நீட்டினான்.

கியர் முதலில் கரகரத்தது. அப்புறம் விழுந்தது. என்னை ஏறச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏரிக்கரை ரோட்டில் மெதுவாகப் போய், திருப்பத்துக்கு அப்பால் மறையும்போது எஞ்சின் சத்தம் சீராக ஏறுவது கேட்டது. நான் நடந்தே உத்திரமேரூர் வந்து சேர்ந்தேன். வேன் பட்டறை எதிரில் ஒழுங்காக நிறுத்தியிருந்தது, சாவி அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது, அவனைக் காணோம். பக்கத்துச் சைக்கிள் கடைக்காரரைக் கேட்டேன்.

“கோதண்டந்தான் ஓட்டிக்கினு வந்தான். எஞ்சின நிறுத்திட்டும் எறங்கல. ரொம்ப நேரம் ஸ்டீயரிங்க புடிச்சிக்கினு உள்ளியே குந்திக்கினு இருந்தான்” என்றார்.

உன் நைனா